சிக்னலில் ஏறும் ஊசி, மலையில் ஏறும் ஊசி

கேள்வி: என்னிடம் 2014 மாடல் சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஏசி போட்டுக்கொண்டு பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் ஊசி முக்கால் வரை ஏறுகிறது. வண்டி நகர்ந்தால் இறங்கிவிடுகிறது. பைபாஸில் 80-90 வேகத்தில் பிரச்சினையே இல்லை. ஆனால் போன மாதம் நான்கு பேரோடு திம்பம் மலைப்பாதையில் ஏறியபோது பாதி வளைவுகளுக்குள்ளேயே ஊசி சிவப்புக்குப் போய், ரிசர்வ் பாட்டிலில் தண்ணீர் கொப்பளித்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் போர் தண்ணீர் ஊற்றிவருகிறேன். ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறிந்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, 25,000 ரூபாய் ஆகும் என்கிறார். ஸ்பேனர் செட்டும் மல்டிமீட்டரும் என்னிடம் உண்டு. வீட்டிலேயே நான் என்ன பார்க்கலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் காரில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, அனேகமாக மூன்று. மூன்றும் சேர்ந்து ஒரே ஊசியை ஏற்றுவதால்தான் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எந்தச் சாமானையும் வாங்குவதற்கு முன் ஊசி எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

வண்டி நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று தருவது ஃபேன் மட்டும்தான். ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நின்றால் ஏறி ஓடினால் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை: ஃபேன், அதன் ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), வயர், அல்லது அடைத்துப்போன ஃபின்கள் (ரேடியேட்டர் முகத்திலுள்ள மெல்லிய தகடுகள்). மலை ஏறுவது வேறு கதை. இரண்டாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் என்ஜின் முழு பாரம் இழுக்கிறது, எதிர்க்காற்றும் குறைவு. ரேடியேட்டரின் முழுத் திறனும் அங்கேதான் தேவைப்படும். உள்ளே மூன்றில் ஒரு பங்கு குழாய் அடைத்திருந்தாலும் சமதளத்தில் தெரியாது, மலையில் தெரிந்துவிடும். மூன்றாவது, அந்த அரை லிட்டர். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுவது மூடிய சுற்று. இரண்டு வாரத்தில் அரை லிட்டர் குறையவே கூடாது. அது எங்கோ போகிறது.

ஹெட் கேஸ்கெட்டாக இருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். சிறிய கசிவு முதலில் பாரத்தில்தான் தெரியும். ஆனால் கடிதத்தில் உள்ள அடையாளங்கள் வேறு பக்கம் காட்டுகின்றன. 25,000 ரூபாய் வேலைக்குத் தலையாட்டும் முன் சில நூறு ரூபாயில் முடியும் சோதனைகளை முடித்துவிடுங்கள்.

கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. சூடான என்ஜினில் ரேடியேட்டர் கேப்பைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் 110 டிகிரி தண்ணீர், கேப் விலகியதும் அந்த நொடியே ஆவியாகி முகத்தில் பீய்ச்சும். குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். மேல் ஹோஸை (ரேடியேட்டரின் மேற்பக்க ரப்பர் குழாய்) பிடித்து அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால்தான் கனத்த துணி போட்டு கேப்பைத் திருப்பலாம். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். ஆகவே ஃபேன் பக்கம் கை போகும்போதெல்லாம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

முதல் வேலை, காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கேப்பைத் திறந்து மட்டத்தைப் பார்ப்பது. ரிசர்வ் பாட்டிலை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். பாட்டில் நிறைந்திருக்க, ரேடியேட்டருக்குள் ஒரு சாண் குறைந்திருப்பது அடிக்கடி நடப்பதுதான். என்ஜின் ஆறும்போது பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க கேப்பின் நடுவில் ஒரு சிறு வால்வு இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டாலோ, கேப்பிலிருந்து பாட்டிலுக்குப் போகும் மெல்லிய ஹோஸில் கீறல் விழுந்தாலோ தண்ணீர் திரும்பி வராது. ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாகச் சுருங்கியிருந்தால் அந்த வால்வு வேலை செய்யவில்லை. தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். செம்பழுப்பு என்றால் துரு. மேலே எண்ணெய்ப் படலமோ, பால் கலந்த டீ போன்ற நிறமோ இருந்தால் வேறு எதையும் தொடாமல் நேராகக் கடைசிப் பத்திகளுக்குப் போங்கள்.

அடுத்தது ஃபேன். ஏசியை அணைத்து, வண்டியை நிறுத்தியபடியே ஐடிலில் ஓடவிடுங்கள். பல கார்களில் 95-லிருந்து 100 டிகிரிக்குள் ஃபேன் சுற்றத் தொடங்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் நிற்கும், மறுபடி வரும். ஊசியை மட்டும் நம்ப வேண்டாம். நிறைய கார்களில் உண்மையான சூடு 80-லிருந்து 105 வரை ஏறி இறங்கினாலும் ஊசி நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ஊசி அசையும்போதே நிலைமை முற்றியிருக்கும். உங்கள் மாடலில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் (காரின் கம்ப்யூட்டர் தகவல்களைப் படிக்கும் இடம்) இருக்கும். அதில் செருகும் ப்ளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொண்டால் கூலன்ட் சூட்டை டிகிரிக் கணக்கில் செல்போனிலேயே பார்க்கலாம். இந்த வேலை முழுக்க அது உதவும்.

100 டிகிரி தாண்டியும் ஃபேன் வரவில்லையா? ஏசியைப் போடுங்கள். ஏசி போட்டதும் சுற்றுகிறது என்றால் ஃபேன் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது; சென்சார் அல்லது அதன் வயரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். (சில கார்களில் ஏசிக்குத் தனி ஃபேன் இருக்கும். எது சுற்றுகிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள்.) இன்னொரு சோதனை: என்ஜினை அணைத்து, கூலன்ட் சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூடு எவ்வளவு என்று தெரியாததால் பல கார்களில் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓட்டும். ஓடினால் ஃபேன், ரிலே, ஃபியூஸ், வயர் எல்லாம் சரி, மிஞ்சுவது சென்சார். செக் என்ஜின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம். பிளக்கை மாட்டிச் சில முறை ஓட்டினால் போய்விடும்.

எதற்குமே ஃபேன் அசையவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ஃபேன் ரிலேயைக் கழற்றி, அதே எண்ணும் அதே கால்களும் உள்ள ஹாரன் ரிலேயை அதன் இடத்தில் செருகிப் பாருங்கள். அதிலும் ஓடவில்லை என்றால் ஃபேன் பிளக்கைக் கழற்றிவிட்டு, 20-30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுங்கள். ஓடவில்லை, ஆனால் மோட்டாரின் முதுகில் ஸ்பேனர் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் ஓடுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்று தட்டி ஓட்டினாலும் அடுத்த நெரிசலில் நின்றுவிடும். மாற்றிவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் ஃபேன் ஓடாமல் இல்லை, மெதுவாக ஓடுகிறது என்பதுதான் என் சந்தேகம். ஏசியை முழுவதும் போட்டு நின்றும் முக்கால் வரைதான் ஏறுகிறது. ஃபேன் அறவே செத்திருந்தால் ஈரோட்டு வெயிலில் முக்காலோடு நிற்காது. ஃபேன் ஓடும்போது அதன் பிளக்கின் பின்புறத்தில் மல்டிமீட்டர் முனையை வைத்து வோல்ட்டைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5-14.4 இருக்கும், ஃபேனில் அதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ பிளக் கருகியிருக்கிறது, அல்லது எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. இரண்டு வேக ஃபேன் என்றால் குறைந்த வேகத்தில் இந்த அளவு குறைவாகத்தான் காட்டும். முழு வேகத்தில் வைத்து அளவெடுங்கள்.

அப்படியே செய்தித்தாள் சோதனையையும் முடித்துவிடலாம். ஃபேன் ஓடும்போது காரின் முன்னால் நின்று, ஏசி கண்டென்சரின் (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசியின் ஜாலி) முகத்தில் ஒரு முழுத் தாளை வையுங்கள். ஃபேன் பின்னாலிருந்து காற்றை இழுப்பதால் தாள் அப்பிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால், யாரோ ஃபேன் வயரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். மோட்டார் மாற்றிய வண்டிகளில் இது நடக்கும். ஃபேன் நன்றாகச் சுற்றுவதுபோலத்தான் தெரியும். பிறகு தாளைக் கால் பக்கமாகக் கிழித்து இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் ஃபின்கள் அடைத்திருக்கின்றன.

ஈரோடு, திருப்பூர் பக்கம் ஓடும் வண்டிகளில் இந்த அடைப்பைக் கட்டாயம் எதிர்பார்க்கலாம். சாலையில் பறக்கும் பஞ்சு கண்டென்சரைத் தாண்டி உள்ளே போய், ரேடியேட்டரின் முகத்தில் கம்பளிபோலப் படியும். முன்னாலிருந்து டார்ச் அடித்தால் கண்டென்சர் சுத்தமாகவே தெரியும். குப்பை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். மேல் பிராக்கெட் போல்ட்டுகளைக் கழற்றி ரேடியேட்டரைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் அந்த இடுக்கில் கை போகும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். ஃபின் ஓடும் திசையிலேயே மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். வாட்டர் வாஷ் கன்னைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. ஃபின்கள் மடங்கி, இருந்த காற்றும் நின்றுவிடும்.

இனி அரை லிட்டர் தண்ணீர் போகும் இடம். ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளை, இவற்றில் காய்ந்த வெள்ளைத் தடம் இருக்கிறதா பாருங்கள். பம்ப் துளையில் ஈரம் என்றால் உள் சீல் போய்விட்டது, பம்ப்பையே மாற்ற வேண்டும். முன் சீட்டுக்கு முன்னால் கார்பெட் ஈரமா, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிகிறதா என்றும் கவனியுங்கள். ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர்) ஒழுகலாம். காருக்கு அடியில் ஏசி போடும்போது சொட்டும் தெளிந்த தண்ணீர் இதில் சேராது.

எங்குமே ஈரம் இல்லை என்றால் முதல் குற்றவாளி கேப். அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அது பிடித்துவைக்கும் அழுத்தம், பார் கணக்கில். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 119 வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் 127 பக்கம் போகும். கேப்பின் ரப்பர் விறைத்து அழுத்தம் நழுவினால், நீங்கள் ஊற்றியிருக்கும் போர் தண்ணீர் 100-ஐத் தாண்டியதுமே கொதித்து ரிசர்வ் பாட்டிலுக்கு ஓடும். திம்பத்தில் நீங்கள் பார்த்த கொப்பளிப்புக்கு இது ஒன்றே போதுமான காரணம். அதே எண் உள்ள புது கேப்பை வாங்கிப் போடுங்கள். பெரிய எண் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். பழைய ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும் தாங்காது.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா என்று பார்க்க, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். (கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் உதவாது. அது உடம்புச் சூட்டுக்கு மேல் அளக்காது.) பளபளக்கும் அலுமினியத்தில் இந்தக் கருவி தப்பாகக் காட்டும். எனவே அளக்கும் இடங்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டுகளை ஒட்டிக்கொள்ளுங்கள். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, அணைத்துவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திடீரென்று 20 டிகிரி குறைவாக ஒரு திட்டு இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் வெதுவெதுப்பாக இருந்தால் ஓட்டமே தடைப்பட்டிருக்கிறது: தெர்மோஸ்டாட், பம்ப், அல்லது அடைப்பு. இரண்டு ஹோஸும் ஏறக்குறைய ஒரே சூடாகக் கொதித்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் போதவில்லை.

போர் தண்ணீர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் பகுதியில் பக்கெட் வெந்நீர் போடும் ஹீட்டர் ராடில் படியும் அதே வெள்ளை உப்புதான் என்ஜினுக்குள்ளும் படிகிறது. ரேடியேட்டர் குழாயின் உள் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான். அரை லிட்டர் அரை லிட்டராக ஊற்றும்போது பழைய உப்பு அங்கேயே தங்கிப் புது உப்பும் சேர்கிறது. கூலன்ட்டில் உள்ள துருத் தடுப்பும் நீர்த்துப்போகிறது. அவசரத்துக்கு ஊற்றலாம், ஊரில் உப்புத் தண்ணீர் தவிர வேறில்லை என்றால் டிக்கியில் 2 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுங்கள்; எறிவதற்கு அல்ல, சோதிப்பதற்கு. அதன் விளிம்பில் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். வால்வைச் சற்றுத் திறந்து வாயில் ஒரு நூலைக் கவ்வக் கொடுத்து, பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்றும் போட்டுச் சூடாக்குங்கள். வாய் திறக்கும்போது தெர்மோஸ்டாட் நூலைவிட்டு விழும். பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் விழுந்தால் சரி. தண்ணீர் கொதிக்கும்போது வாய் 8 மி.மீ. அளவுக்காவது திறந்திருக்க வேண்டும். பாதி திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட்தான் மலையில் காலை வாரும்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினால் என்ஜின் உரிய சூட்டுக்கே வராது. பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும், தேய்மானம் கூடும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கத் தட்டுதான் பைபாஸ் வழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், மலையில் சூடு இன்னும் ஏறும். அந்த யோசனையை மறந்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் வெளியே இருக்கும் இந்த நேரத்திலேயே உள்ளே கழுவிவிடலாம். ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் அடியிலுள்ள பிளக்கைத் திறந்து, அது இல்லாவிட்டால் கீழ் ஹோஸைக் கழற்றி, பழைய தண்ணீரை ஒரு பேசினில் பிடியுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். நாயும் பூனையும் நக்கினால் செத்துவிடும், குழந்தைகளுக்கும் ஆபத்து. வாசலில் ஊற்றாமல் கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் அதன் மூடியை மட்டும் மாட்டி, லிட்டருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த டிஸ்டில்டு வாட்டரை நிரப்புங்கள். வாயு கிளம்பும் என்பதால் கேப்பை முதல் படியோடு நிறுத்தி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, ஐடிலில் 15 நிமிடம் ஓடவிடுங்கள். ஆறவிட்டு வடியுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் குறைந்தது மூன்று முறை அலசுங்கள், தெளிவாக வரும் வரை. கழிவறை ஆசிட் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். இவ்வளவும் செய்து அந்தக் குளிர்ந்த திட்டு மாறவில்லை என்றால் ரேடியேட்டரை மாற்றுவதுதான் வழி. உப்பு அடைத்துக்கொண்டிருந்த பொத்தல், உப்பு போனதும் ஒழுகத் தொடங்குவதும் உண்டு. அது கழுவியதால் வந்த ஓட்டை அல்ல.

தெர்மோஸ்டாட்டைப் புது கேஸ்கெட்டோடு, அதன் விளிம்பில் காற்றை விடும் சிறு ஊசி இருந்தால் அது மேற்பக்கம் வரும்படி மாட்டுங்கள். நிரப்பும்போது நிறைய பேர் கோட்டைவிடுவது ஒன்று: வடித்த பிறகும் என்ஜின் பிளாக்குக்குள் லிட்டர் கணக்கில் தண்ணீர் தங்கும். அதன்மேல் ரெடிமேட் கலவையை ஊற்றினால் நீர்த்துவிடும். மேனுவலில் மொத்தக் கொள்ளளவைப் பாருங்கள். 4.5 லிட்டர் என்றால் 2.25 லிட்டர் கான்சென்ட்ரேட்டை முதலில் ஊற்றி, மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். நம் ஊரில் உறைபனிக்காக இது தேவையில்லை. துருத் தடுப்புக்கும் கொதிநிலைக்கும்தான். பாதிக்கு மேல் போட்டால் லாபமில்லை, தண்ணீரைவிடக் கூலன்ட் குறைவாகத்தான் சூட்டைச் சுமக்கும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், மேனுவல் சொல்லும் வகையைப் பார்த்து வாங்குங்கள்.

காற்றை வெளியேற்ற, காரின் மூக்கு மேடு பார்த்து நிற்கட்டும். கேப் திறந்தபடி, ஹீட்டர் முழுச் சூட்டில், ஐடிலில் ஓடவிடுங்கள். ப்ளீட் ஸ்க்ரூ இருந்தால் அதையும் தளர்த்திக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், குமிழிகள் வரும். ஊற்றிக்கொண்டே வந்து, குமிழி நின்றதும் கேப்பை மூடுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த பிறகு ஒருமுறை மட்டம் பாருங்கள்.

அடுத்த முறை மலையில் ஊசி ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரையும் புளோயரையும் முழுவதும் வையுங்கள். மூன்றாவது கியரில் திணறவிடாமல் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். பம்ப் வேகமாகச் சுற்றும். ஊசி சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். ஆவி வரும்போது ஊசி திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள்; தண்ணீர் தீர்ந்து சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது. கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

ஹெட் கேஸ்கெட் சோதனை கடைசியில். குளிர்ந்த என்ஜினில் கேப் மூடி ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல்போல் இறுகினால் சிலிண்டரின் அழுத்தம் தண்ணீருக்குள் வருகிறது. கேப் திறந்த நிலையில் நிற்காமல் குமிழி வருவதும், சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காததும், டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்நிறமாக இருப்பதும் அடையாளங்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்படலம் என்றால் பயம் வேண்டாம். குறுகிய ஓட்டத்தில் படியும் ஈரம் அது. உறுதிசெய்ய ஒர்க்‌ஷாப்பில் பிளாக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளானால் கேஸ்கெட் போனது நிச்சயம்.

அப்படி ஆனால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள், அடைக்கும் பவுடர்களையும் ஊற்றாதீர்கள். ரேடியேட்டரும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். ஹெட்டையும் பிளாக்கின் மேல்முகத்தையும் நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பார்த்தாரா, விரிசலுக்கு பிரஷர் டெஸ்ட் செய்தாரா, மேனுவல் கேட்டால் ஹெட் போல்ட்டுகளைப் புதிதாகப் போடுகிறாரா, மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.